ஆற்றோடு திரும்புவது: கம்பளைக்கு ஒரு சைக்கிள் வட்டம்

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மலையகத்தில் அப்படியே தலைகீழ். என்னோடு படித்தவர்களில் எத்தனையோ பேருக்கு இன்றைக்கும் சைக்கிள் ஓடத் தெரியாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, பாடசாலைக்குப் போகும் வழி பாதி படிக்கட்டு, மீதி தண்ணீர்க் கான் ஓரம் என்றால் சைக்கிளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தோளில்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இந்தப் பக்கம் வீதியில் சைக்கிளைக் கண்டால் ஒன்றில் பாண் விற்பவராக இருப்பார், இல்லாவிட்டால் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக மூச்சு வாங்கும் வெள்ளைக்காரராக இருப்பார்.

அதனால்தான் மனைவியின் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்து, "அத்தான், பெப்ரவரியில நாங்கள் மூண்டு பேர் சைக்கிளோட வாறம், நல்ல றூட் ஒண்டு போட்டு வையுங்கோ" என்றபோது எனக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வந்தன. அவன் ஏற்கனவே ஒரு பாதையை மனதில் வைத்திருந்தான். கண்டியிலிருந்து நுவரெலியா.

"எவ்வளவு தூரம் அத்தான்?"

"எண்பதுக்குக் கொஞ்சம் குறைவு."

"அவ்வளவுதானோ? பருத்தித்துறைக்குப் போட்டு வந்தாலே எழுபது வருமே!"

சமதரையில் வளர்ந்தவர்கள் எல்லோரும் போடும் கணக்கு இது. குடாநாட்டில் தூரம் தெரிந்தால் நேரம் தெரிந்துவிடும். எதிர்க்காற்று இருந்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இங்கே தூரத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். கம்பளையைத் தாண்டி வீதி ஏறத் தொடங்கினால் புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை என்று ஊர்ப் பெயர்கள்தான் மாறும், ஏற்றம் லேசில் விடாது. பழகியவர்களுக்கு அது அருமையான பாதை. மலையை முதன்முதலில் மிதிக்க வருபவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். இரண்டு மணி நேரத்தில் முன் டயரைத் தவிர வேறு எதையும் பார்க்கத் தோன்றாது. இறம்பொடை அருவி பக்கத்திலேயே விழுந்துகொண்டிருக்கும், தலையைத் தூக்கிப் பார்க்கக் கழுத்தில் தெம்பிருக்காது.

நடுத்தரமான பாதை என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு இதுதான். பத்துக் கிலோமீற்றருக்கு மொத்த ஏற்றம் 100 மீற்றருக்குள் இருந்தால் சுகமான பாதை. 150 வரை நடுத்தரம். 200-ஐத் தாண்டினால் அது உடற்பயிற்சிக்கு நல்லது, ஊர் பார்க்க உதவாது. தொலைபேசியில் பாதை போட்டுத் தரும் செயலிகள் எல்லாம் இந்த ஏற்றத்தைக் கணக்கிட்டுக் காட்டும். ஆனால் மொத்தத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 300 மீற்றர் ஏற்றம் பத்துக் கிலோமீற்றரில் பரவியிருப்பதும், இரண்டு கிலோமீற்றரில் செங்குத்தாக நிற்பதும் ஒன்றல்லவே. நம் கிராமத்து உள்வீதிகளில் இன்னொரு அடையாளமும் உண்டு: தார் முடிந்து திடீரென்று கொங்கிறீட் தொடங்கினால், முன்னால் செங்குத்து இருக்கிறது என்று அர்த்தம். மழைத் தண்ணீர் தாரை அரித்துக்கொண்டு போகும் இடங்களில்தான் கொங்கிறீட் போடுவார்கள். அதைக் கண்டதும் கியரைக் குறைத்துவிடுங்கள். ஏறத் தொடங்கிய பிறகு குறைத்தால் செயின் கழன்று தொங்கும்.

சரி, மலைநாட்டில் மிதமான பாதையை எங்கே தேடுவது? ஆற்றங்கரையில். ரயில்பாதை போட்டவர்களும் இதையேதான் செய்தார்கள். 1867-இல் கண்டிக்கு வந்த ரயில், 1874-இல் நாவலப்பிட்டிக்குப் போனபோது பேராதனையிலிருந்து மகாவலியின் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டுதான் போனது. அதற்குப் பிறகுதான் மலையில் வளைந்து வளைந்து ஏறும் வேலை. பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையில் வீதி, ரயில், ஆறு மூன்றும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் ஓடுகின்றன. 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைப் பக்கம் கடலில் விழும் மகாவலி, இந்தத் துண்டில் கம்பளையிலிருந்து வடக்கே பேராதனையை நோக்கி இறங்குகிறது. அப்படியென்றால் கம்பளையிலிருந்து திரும்பி வருவது ஆற்றோடு இறங்கி வருவது. களைத்துப்போன பின்மதியத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்?

பாதை அங்கிருந்துதான் பிறந்தது. பேராதனையில் தொடங்கி மேற்கே பிலிமத்தலாவை. அங்கே இடப்பக்கம் திரும்பி தவுலகலை வீதியில் கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்கை என்ற மூன்று பழைய கோயில்கள். பிறகு உள்வீதிகளால் கிழக்கே இறங்கிப் பேராதனை–கம்பளை வீதியைப் பிடித்து, தெற்கே கம்பளை. அங்கே சாப்பாடு. பிறகு ஆற்றோடு கெலிஓயா வழியாகப் பேராதனை. மொத்தம் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் வரும், எந்த உள்வீதியால் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கம்பளைக்குப் போய் அதே வீதியில் கொஞ்சத் தூரம் திரும்பி வருவதால், இது வால் முளைத்த வட்டம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். வாலை வெட்டலாம். ஆனால் கம்பளையை விட்டுவிட்டு அந்த மூன்று கோயில்களைப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தொடக்கம் ஏன் கண்டி நகரில் இல்லை என்று மச்சான் கேட்டான். கண்டியை முதல் நாள் மாலை நடந்து பாருங்கள் என்றேன். வாவிக்கரை, தலதா மாளிகை, கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில் எல்லாம் கால்நடைக்கு உரியவை. வாவியை வெட்டிய ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன், கண்டியின் கடைசி அரசன், நாயக்கர் வம்சத்தவன். 1815-இல் பிடிபட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டவன். அவனுடைய நகரத்தில் இன்றைக்குச் சைக்கிளில் போனால் பஸ் புகையைத்தான் அனுபவிக்கலாம். கண்டிக்கும் பேராதனைக்கும் இடையிலுள்ள ஆறு கிலோமீற்றரில் தனியார் பஸ்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும் வேகத்தைப் பார்த்தவர்கள் அந்தத் துண்டை வட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். சைக்கிள்களை வானில் ஏற்றிப் பேராதனைக்குக் கொண்டுவந்து விடுவதுதான் புத்தி.

திசையைப் பற்றியும் ஒரு வாக்குவாதம் நடந்தது. நான் போட்டது இடஞ்சுழி. "இடம் சுத்துறது சரியில்லை அத்தான்" என்றான். கோயிலை வலம் வருவோம், வீதியை இடம் வருவோம் என்றேன். இடப்பக்கம் ஓடும் நாட்டில் இடஞ்சுழியாகப் போனால் பெரிய வீதியை ஊடறுத்துத் திரும்ப வேண்டிய இடங்கள் குறையும். இந்த வட்டத்தில் அப்படி ஒரே ஒரு இடம்தான் முக்கியமானது: உள்வீதி கம்பளை வீதியில் சேருமிடத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கே இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு கடந்துவிட்டால் போயிற்று. இன்னொரு காரணம், கொழும்பு–கண்டி வீதியில் ஓட வேண்டிய துண்டு அதிகாலையிலேயே முடிந்துவிடுகிறது. ஏழு மணிக்குப் பிறகு அந்த வீதி யாருக்கும் நல்லதல்ல.

அப்படித்தான் ஒரு பெப்ரவரிக் காலை ஆறு மணிக்கு, இன்னும் இருட்டாக இருக்கும்போதே, பேராதனையில் நின்றோம். பெப்ரவரி, மார்ச் மாதங்களைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மே மாதக் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. ஆண்டின் முதல் மூன்று மாதங்கள்தான் கண்டிப் பக்கத்தில் ஓரளவு நம்பக்கூடியவை. ஜூலை, ஓகஸ்ட்டில் தலதா மாளிகையின் எசல பெரகரா ஊர்வலம் நடக்கும் நாட்களில் கண்டி வீதிகளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். போயா என்ற பௌர்ணமி நாளில் மூன்று கோயில்களும் வெள்ளை உடுத்த கூட்டத்தால் நிறைந்திருக்கும். பார்க்க அழகு, சைக்கிள் நிறுத்த இடமிராது.

கிரிபத்கும்புற வழியாகப் பிலிமத்தலாவைக்கு மெல்லிய ஏற்றம். மூச்சு வாங்காது, உடம்பு சூடாகும். வழியில் ஒரு பெண் சட்டியில் கொலகெந்த விற்றுக்கொண்டிருந்தார். இலைச்சாறும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சிய பச்சைக் கஞ்சி. கூடவே ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு கஞ்சியைக் குடிக்க வேண்டும். பொலித்தீன் உறையில் விற்கும் சக்திப் பானத் தூள்களை மச்சான் பை நிறையக் கொண்டுவந்திருந்தான். அந்தக் கருப்பட்டிக்குப் பிறகு அதை அவன் திறக்கவில்லை.

பிலிமத்தலாவை பித்தளைக்குப் பேர்போன ஊர். குத்துவிளக்குகள் கடை வாசல்களில் வரிசையாக நிற்கும். அந்த நேரத்தில் எல்லாம் பூட்டிக் கிடந்தன. அது நல்லதுதான், இல்லாவிட்டால் சைக்கிளில் விளக்கு கட்டிக்கொண்டு போக வேண்டி வந்திருக்கும். அங்கே இடப்பக்கம் திரும்பியதும் லொறிச் சத்தம் நின்றுவிடுகிறது. மிளகுக் கொடி ஏறிய மரங்கள், கராம்பு, சாதிக்காய், பலா, இடையிடையே வயல். தேயிலை மலையைப் பார்க்க வருபவர்களுக்கு இந்த வட்டம் ஏமாற்றமாக இருக்கலாம். இது தேயிலைக்கு முந்தின மலைநாடு.

கடலாதெனிய ஒரு கற்பாறையின் மேல் இருக்கிறது. 1344-இல், நான்காம் புவனேகபாகு அரசன் காலத்தில், தர்மகீர்த்தி என்ற தேரர் எழுப்பியது. பௌத்த விகாரைதான், ஆனால் வாசலில் நின்று கருங்கல் தூண்களையும் மேலே இருக்கும் சிகரத்தையும் பார்க்கும்போது நம் கண்ணுக்குத் தமிழ்நாட்டுக் கோயில் போலத்தான் படும். கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேசுவராச்சாரி. அந்தப் பெயரைக் கேட்டதும் மச்சானின் நண்பன், "அப்ப எங்கட ஆள்தான்" என்றான். எந்தப் பழைய கட்டடத்தைக் கண்டாலும் யாருடைய ஆள் என்று கேட்கும் பழக்கம் இந்தத் தீவில் எல்லோருக்கும் உண்டு. கட்டுவித்தவர் தேரர், கட்டியவர் ஆச்சாரி, கும்பிடுபவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். இதற்கு மேல் என்ன சொல்ல?

அங்கிருந்து லங்காதிலகவுக்குச் சுமார் நான்கு கிலோமீற்றர். இந்த நாளின் கடினமான ஏற்றம் இந்தத் துண்டில்தான் இருக்கிறது. நீளமில்லை, ஆனால் நான் சொன்ன கொங்கிறீட் வந்துவிடும். யாழ்ப்பாணத்து ரேஸ் சைக்கிளில் பின் கசெட், அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு, சின்னதாக இருக்கும், சமதரைக்கு அதுவே போதும். வருவதற்கு முன்பே அதைக் கழற்றிவிட்டு 32 பல் உள்ளதைப் போடச் சொல்லியிருந்தேன். முன்னால் சின்னச் சக்கரத்தில் 34, பின்னால் 32 என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் கிட்டத்தட்ட ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றும். வேகம் நடைக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் முழங்கால் தப்பும். நண்பர்களில் ஒருவன் அதைச் செய்யாமல் வந்துவிட்டான். பாதியில் இறங்கித் தள்ளினான். பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர், "கொஹேத யன்னே?" என்று கேட்டார். எங்கே போகிறீர்கள் என்ற இந்தக் கேள்வியை அன்றைக்கு வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தோம். பன்சலைக்கு, அதாவது விகாரைக்கு, என்று சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். "இதை ஓடுகிறதை விட நடக்கிறது லேசு" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த இடத்தில் அவர் சொன்னது சரி.

லங்காதிலக. இதற்காகத்தான் நான் இந்த வட்டத்தையே போட்டேன் என்று சொல்லலாம். பன்ஹல்கல என்ற பாறையின் உச்சியில், வெள்ளையடித்த செங்கல் கட்டடம். இதுவும் 1344. சேனாலங்காதிகார என்ற அமைச்சர் கட்டுவித்தது. உள்ளே புத்தர் சிலை. வெளிச்சுற்றில் தெய்வங்களுக்குத் தனித்தனி இடம். விபீஷணனுக்கும் பிள்ளையாருக்கும் அங்கே இடமுண்டு. பாறையிலேயே வெட்டிய படிகளில் ஏறலாம். சைக்கிள் சப்பாத்தின் அடியிலுள்ள பிளாஸ்டிக் கட்டை கருங்கல்லில் பிடிக்காது, கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எப்படியும் மேலே வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும்.

மேலே பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோயிலுக்கு விட்ட நிலங்களையும் தானங்களையும் சொல்வது. அது சிங்களத்திலும் தமிழிலும் வெட்டப்பட்டிருக்கிறது. 1344-இல் கண்டி மலையில், ஒரு பௌத்த கோயிலின் சொத்து விவரத்தை இரண்டு மொழியிலும் எழுதி வைக்க வேண்டிய தேவை யாருக்கோ இருந்திருக்கிறது. அதைப் படிக்க ஆள் இருந்திருக்கிறார்கள். இன்றைக்குச் சில அலுவலகங்களில் தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாறை நினைவுக்கு வரும். தேய்ந்த எழுத்துகள். நம்மால் கடகடவென்று வாசிக்க முடியாது. மச்சான் குனிந்து, வெயில் சாய்வாக விழும் பக்கத்திலிருந்து பார்த்து, விரலைக் கல்லில் படாமல் ஓட்டி ஒவ்வொரு எழுத்தாகத் தேடினான். கொஞ்ச நேரத்தில் ஒன்றிரண்டைப் பிடித்துவிட்டான். காலை வெயிலில் போனதால்தான் அதுவும் கிடைத்தது. உச்சி வெயிலில் வெட்டின் நிழல் போய்விடும், பாறையும் காலைச் சுடும்.

எம்பக்கைக்கு இன்னும் மூன்று கிலோமீற்றர், பெரும்பாலும் இறக்கம். இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சமதரைக்காரர்கள் ஏற்றத்துக்குப் பயப்படுவார்கள், உண்மையில் விழுவது இறக்கத்தில். பிரேக்கை மேலிருந்து கீழ்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டே போனால் விளிம்பு சூடாகும், கை மரத்துப்போகும். நேர்த் துண்டில் விட்டு, வளைவுக்கு முன்னால் நன்றாகக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போக வேண்டும். மரநிழல் விழும் கொங்கிறீட்டில் பாசி பிடித்திருக்கும். அங்கே தைரியம் காட்ட வேண்டாம். வளைவுக்கு அப்பால் த்ரீவீல் வரும் என்றே நினைத்துக்கொண்டு ஓடுங்கள், பெரும்பாலும் வரும்.

எம்பக்கை தேவாலயம் கதிர்காமத் தெய்வத்துக்கு உரியது. நம் முருகன். மூன்றாம் விக்கிரமபாகு காலத்தது என்பார்கள். அங்கே பார்க்க வேண்டியது மரவேலை. மேளம் அடிக்கும் மண்டபத்தின் மரத்தூண்களில் மல்லர்கள், அன்னங்கள், இருதலைப் பறவை, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய். எல்லோரும் தூண்களைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். தலையைத் தூக்கிக் கூரையின் ஒரு முனையைப் பாருங்கள். 26 கைமரங்கள் வந்து ஒரே ஒரு மர ஆப்பில் சேர்கின்றன. மடோல் குறுப்பாவ என்று அதற்குப் பெயர். மச்சானின் நண்பன் கட்டட வேலை தெரிந்தவன். அவன் தூண்களைப் பார்க்கவேயில்லை. கழுத்து வலிக்கும்வரை அந்த ஆப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஒண்டு உக்கினால் எல்லாம் போயிடுமே" என்றான். அறுநூறு வருடமாக அது உக்கவில்லை. அந்தத் தூண்களில் சில கம்பளை அரண்மனை மண்டபத்திலிருந்து வந்தவை என்றும் ஊரில் சொல்வார்கள்.

பக்கத்தில் வயலோரம் ஓர் அம்பலம உண்டு. கல்தூண்கள் மட்டும் எஞ்சிய பழைய வழிப்போக்கர் மடம். நடந்து போனவர்கள் இளைப்பாறிய இடத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போத்தலில் தண்ணீர் குடித்தோம்.

இந்த மூன்று இடங்களுக்கும் பொதுவாக ஒன்று: உடை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், தொப்பி கழற்ற வேண்டும். சைக்கிள்காரர்களின் இறுக்கமான அரைக்கால்சட்டையோடு விகாரைக்குள் போவது மரியாதை இல்லை, விடவும் மாட்டார்கள். ஆளுக்கொரு சாரத்தைச் சுருட்டி சீற்றுக்குக் கீழே கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். இடத்துக்கு இடம் அவிழ்த்துக் கட்டுவது ஒரு நிமிட வேலை. மழை வந்தால் தலைக்கும் உதவும்.

எம்பக்கையிலிருந்து கிழக்கே இறங்கும் உள்வீதிகள் பல. எதில் போனாலும் கடைசியில் கம்பளை வீதிதான். ஆனால் தொலைபேசி வரைபடம் காட்டும் எல்லாக் கோடும் வீதி என்று நம்பிவிடாதீர்கள். சில கோடுகள் வயல் வரம்பில் போய் முடியும். பஸ் ஓடும் வீதியா என்று யாரிடமாவது கேளுங்கள். பஸ் ஓடினால் சைக்கிளும் ஓடும்.

கம்பளை. நான் பிறந்த தோட்டம் இதற்குப் பக்கத்தில்தான், அதனால் என் பேச்சில் கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும். பஸ் நிலையமும் கடைத்தெருவும் நெரிசலும்தான் வெளியூர்க்காரர் கண்ணில் படும். இது 14-ஆம் நூற்றாண்டில் ஓர் அரசின் தலைநகரம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். பார்த்துவிட்டு வந்த மூன்று கோயில்களும் இந்தத் தலைநகரத்தின் கோயில்கள்தான். அரண்மனை போய்விட்டது, கோயில்கள் நிற்கின்றன. நியங்கம்பாய விகாரையின் அடித்தளக் கற்களில் அந்தக் காலத்தின் செதுக்கல்களை இன்னும் பார்க்கலாம். கம்பளை அரசர்களின் காலத்தில் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் வரி வசூலிப்பவர்கள் இந்த மலைநாடுவரை வந்திருந்தார்கள். அழகக்கோனார் என்ற அமைச்சர்தான் அவர்களைத் துரத்தினார். "அப்ப இஞ்சை முந்தியே எங்களுக்குப் பழக்கம்" என்றான் மச்சான். இந்த முறை வரி கிடையாது, சாப்பாட்டுக் கணக்கை நீதான் கொடுக்க வேண்டும் என்றேன். கொடுத்தான்.

கம்பளையை விட்டுவிடக் கூடாது என்று நான் சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. 1820-களில் ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்காபிட்டியவில் கோப்பித் தோட்டம் போட்டார். மலையகத்தின் பெருந்தோட்ட வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குவது வழக்கம். என் முப்பாட்டன் வகையறா எந்த வருடம் எந்தத் தோட்டத்துக்கு வந்தார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கதையின் முதல் பக்கம் இந்த ஊரில் இருக்கிறது. 1344-இன் தமிழ் எழுத்தையும் 1820-களின் தோட்டத்தையும் ஒரே காலையில் சைக்கிளில் தொட்டுவிட முடிகிறது. புத்தகத்தில் இந்த இரண்டும் வேறுவேறு அத்தியாயங்களில், பெரும்பாலும் வேறுவேறு புத்தகங்களில் இருக்கும்.

சாப்பாடு விஷயத்தில் கம்பளையில் கவலையில்லை. தமிழர் கடையில் தோசை, வடை, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ. முஸ்லிம் கடையில் பரோட்டாவும் மாட்டுக்கறியும். ஓட வேண்டிய தூரம் இன்னும் இருப்பதால் நான் தோசைப் பக்கம். பிரியாணி சாப்பிட்டுவிட்டு மிதிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன், கெலிஓயாவில் படுத்துவிடுவார்கள்.

கடை வாசலில் நண்பனின் சைக்கிள் பஞ்சராகியிருந்தது. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சின்ன ஊர்களில் ஒட்டுப் போடும் கடைகள் உண்டு, ஆனால் அவை மோட்டார் சைக்கிளுக்கானவை. ரேஸ் சைக்கிளின் மெல்லிய வால்வுக்கு அவர்களுடைய காற்றுக் குழாய் பொருந்தாது. ஐந்து சதத்தளவு பித்தளை இணைப்பு ஒன்று இருக்கிறது, அதைப் பையில் வைத்திருந்தால் எந்தக் கடையிலும் காற்று அடிக்கலாம். ஆளுக்கு இரண்டு டியூப், ஒரு கைப்பம்ப். டயர் 28 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால் உள்வீதிக் குழிகளைத் தாங்கும்.

திரும்பும் வழி எழுதுவதற்கு அவ்வளவாக இல்லை. ஆறு வலப்பக்கம், பஸ்கள் முதுகுப்பக்கம். ரயில் கடவைகளில் தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரம் இடுக்கில் மாட்டும். கெலிஓயாவில் நெரிசல். ஆனால் காலுக்கு வேலை குறைவு. பேசிக்கொண்டே வந்துவிடலாம் என்று சொல்லத்தான் ஆசை. பேசிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் ஓடாதீர்கள், வரிசையாக வாருங்கள்.

பேராதனையில் நேரமிருந்தால் இரண்டு விஷயங்கள். 1821-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவை மகாவலி மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போகிறது. அரை நாள் இல்லாமல் அதற்குள் போவது வீண். பல்கலைக்கழக வளாகத்துக்குள் காலகா வீதியில் ஒரு சுற்றுப் போய், குன்றின் மேல் இருக்கும் குறிஞ்சிக் குமரன் கோவிலுக்கு ஏறலாம். எங்கள் ஆட்கள் அந்த ஏற்றத்தைப் பார்த்துவிட்டுக் கீழே நின்றே கும்பிட்டார்கள்.

இன்னும் தெம்பு மிச்சமிருப்பவர்களுக்கு இந்த வட்டத்தை நீட்ட இரண்டு வழி உண்டு. காலையில் பிலிமத்தலாவையில் திரும்பாமல் நேரே நான்கைந்து கிலோமீற்றர் போனால் கடுகண்ணாவை. கண்டிக்கு வீதி போட்ட கப்டன் டோசனுக்கு 1832-இல் எழுப்பிய கோபுரம் அங்கே நிற்கிறது. கணவாயை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம், கீழே மாவனல்லைப் பக்கம் இறங்கிவிட்டால் அத்தனையையும் திரும்ப ஏற வேண்டும். மற்றது பேராதனையிலிருந்து காலகா வழியாக லூல்கந்துரை. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட தோட்டம். தேயிலை பார்க்க வேண்டியவர்கள் அங்கே போங்கள், ஆனால் அதைத் தனி நாளாக வையுங்கள். அது நடுத்தரம் இல்லை.

மழைக் காலத்தில் வருவதாக இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். அதில் கண்டி மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் தனித்தனியாக இருக்கும். உடுநுவரையும் உடபலாத்தையும்தான் இந்த வட்டத்துக்கு முக்கியம். நிறம் மஞ்சளானாலே உள்வீதிகளை மறந்துவிட்டு வீட்டில் இருப்பது நல்லது.

போகிற அன்று மச்சான் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தான். கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, வவுனியா என்று யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முந்நூற்றிருபது கிலோமீற்றர். "வாறபோது வான். அடுத்த முறை போறபோது சைக்கிளில போனால் என்ன, அத்தான்?" மோசமான யோசனை இல்லை. மாத்தளையில் முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு இறங்கினால் தம்புள்ளைக்குப் பிறகு அவனுடைய சமதரைதான். தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் ஆட்கள் மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்ததும் அந்தப் பக்கத்துக் காட்டு வழியாகத்தான். 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடியும் நடந்து காட்டினார்கள். சைக்கிளுக்கு அது எதிர்த்திசை, எல்லாம் இறக்கம். தம்புள்ளையில் ஒரு இரவு, வவுனியாவில் ஒரு இரவு. ஏப்ரல் வெயிலில் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். 32 பல் கசெட்டைக் கழற்றி எனக்குக் கொடுத்துவிட்டுப் போ, அங்கே உனக்கு அது தேவைப்படாது என்றும் சொல்லிப் பார்த்தேன். கொடுக்கவில்லை.